பிள்ளை கேலிக் கால்பந்து சாம்பியன்ஷிப் ஆட வேண்டுமா? அயர்லாந்துக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு சீசன் வழிகாட்டி

மருத்துவமனை வேலைக்கோ ஐடி வேலைக்கோ குடும்பத்தோடு அயர்லாந்து வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பிள்ளையின் வகுப்பில் பாதிப் பேர் இந்த நாட்டின் பாரம்பரிய ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்து ஆடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கும் ஆசை வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் அன்பாகத்தான் அழைக்கிறார்கள், ஆனால் அவர்கள் இந்த முறையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எந்தத் தாள் எப்போது வேண்டும், எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், எந்த மாதத்தில் ஊருக்கு டிக்கெட் போடக் கூடாது என்பதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அவை சொல்லித் தெரிய வேண்டியவையே அல்ல. எங்கள் வீட்டில் முதல் சீசன் முழுவதும் இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறித்தான் கற்றோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தைப் பயிற்சியாளர் கற்றுக் கொடுத்துவிடுவார். பெற்றோர் கையில் இருப்பவை காகிதமும் காலண்டரும்தான். நன்றாக ஆடும் பிள்ளை அரையிறுதி நாளில் கோட்டுக்கு வெளியே நிற்கிறது என்றால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

1. முதலில் வயதுப் பிரிவைக் கணக்கிடுங்கள்

கேலிக் விளையாட்டுச் சங்கம், அதாவது ஜிஏஏ, வயதை ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடுகிறது. போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிரிவின் எண்ணைக் கழித்தால் போதும். 2026ஆம் ஆண்டு அண்டர்-14 என்றால் 2026இல் 14ஐக் கழிக்க 2012. 2012 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளை ஆடலாம். 2011 டிசம்பர் 31 அன்று பிறந்த பிள்ளைக்கு அந்த ஒரு நாள் வித்தியாசத்தால் அண்டர்-14இல் இடமில்லை.

பள்ளி வகுப்போடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே ஒரே வகுப்பில் இரண்டு பிறந்த ஆண்டுப் பிள்ளைகள் சேர்ந்திருப்பது சாதாரணம். வகுப்புத் தோழன் ஒரு பிரிவிலும் உங்கள் மகன் இன்னொரு பிரிவிலும் போகக்கூடும். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அண்டர்-12 வரை நடப்பவை 'கோ கேம்ஸ்' எனப்படும் சிறு ஆட்டங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்த ஆட்கள், சிறிய மைதானம், எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும், கோப்பையோ புள்ளிப் பட்டியலோ கிடையாது. சாம்பியன்ஷிப் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. சில கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், 13, 15, 17 என்றும் சிலவற்றில் 14, 16, 18 என்றும் பிரிவுகள் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும் உண்டு. பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் நண்பர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் கிளப்பிலேயே கேளுங்கள்.

பயிற்சியாளர் விரும்பினால் பிள்ளையை ஒரு பிரிவு மேலே ஏற்றி ஆடவைக்கலாம். அதற்கும் குறைந்தபட்ச வயது வரம்பு உண்டு. கீழ்ப் பிரிவுக்கு இறங்கி ஆடுவது மட்டும் நடக்காது; பிறந்த தேதியில் சந்தேகம் எழுந்தால் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, பள்ளிப் பதிவில் ஒரு தேதி என்று இருந்தால் அதைப் பள்ளியில் முதலில் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

2. கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டு முகவரியைப் பாருங்கள்

நண்பர் வீட்டுப் பிள்ளை ஆடும் கிளப்பிலேயே சேர்க்கத் தோன்றும். அங்கேதான் முதல் பொறி இருக்கிறது. டப்ளினில் பொதுவாக விருப்பப்பட்ட கிளப்பில் சேரலாம். பல கவுண்டிகளில் அப்படியில்லை. நீங்கள் வசிக்கும் திருச்சபை வட்டாரத்துக்கு அல்லது வரையறுத்த எல்லைக்கு உரிய கிளப்பில்தான் பிள்ளை ஆட முடியும். நீங்கள் எந்த மதம் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. திருச்சபையின் நில எல்லையை விளையாட்டுக்கும் எல்லையாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளி எல்லைக் கிளப்பில் பயிற்சிக்குப் போய்ப் பழகிவிட்டு, சாம்பியன்ஷிப் நேரத்தில் எதிரணி ஆட்சேபம் எழுப்பினால் பிள்ளையின் மனம் உடைந்துவிடும்.

ஒரு கிளப்பில் பதிவு செய்துவிட்டால் பிள்ளை அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர். வேறு கிளப்புக்கு மாற, முறையான மாற்ற விண்ணப்பம் போட்டு, கவுண்டியின் போட்டிக் கட்டுப்பாட்டுக் குழு அனுமதிக்க வேண்டும். அதற்கென்று காலக்கெடு இருக்கும், பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில். வாடகை வீட்டில் இருக்கும் நமக்கு இது மிக முக்கியம். இன்னும் ஆறு மாதத்தில் வேறு ஊருக்குப் போகப் போகிறோம் என்று தெரிந்தால், பதிவாளரிடம் அதை இப்போதே பேசிவிடுங்கள். முகவரி மாறியதற்குச் சான்றாக மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றை எடுத்து வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு: அவர்களின் ஆட்டத்தை நடத்துவது எல்ஜிஎஃப்ஏ என்ற தனி அமைப்பு. ஒரே மைதானம், ஒரே கிளப் பெயர் என்றாலும் பதிவு, போட்டிகள், சில விதிகள் எல்லாம் வேறு. மகனுக்குப் பதிவு செய்தபோதே மகளுக்கும் ஆகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மிகச் சிறிய வயதில் இருபாலரும் சேர்ந்து ஆடுவது பல கிளப்புகளில் உண்டு.

3. பதிவு: ஃபொய்ரன்

கிளப்பில் தாளில் கையெழுத்துப் போடும் காலம் போய்விட்டது. ஃபொய்ரன் என்ற இணைய அமைப்பில்தான் எல்லாப் பதிவும். இதைச் செய்ய உட்காரும்போது பிள்ளையின் பாஸ்போர்ட், உங்கள் வீட்டின் எயர்கோட் என்ற அஞ்சல் குறியீடு, வங்கி அட்டை, அவசரத் தொடர்புக்கு உங்களைத் தவிர இன்னொருவரின் எண், பிள்ளைக்கு ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை இருந்தால் அதன் விவரம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பெற்றோர் பெயரில், பெற்றோரின் மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். பிள்ளையை அந்தக் கணக்குக்குள் குடும்ப உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். பிள்ளைக்கென்று தனி மின்னஞ்சலில் தனிக் கணக்கு தொடங்காதீர்கள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று இருவரும் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் ஒரே பிள்ளை இரண்டு பேராகப் பதிவாகும். பிறகு அவற்றை ஒன்றிணைக்கப் பதிவாளரின் உதவி தேவைப்படும், அது தன்னார்வப் பணி செய்யும் ஒருவரின் மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

இனி, பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; முன்னெழுத்துதான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே வெற்றாக இருக்கும். பள்ளியில் ஒரு மாதிரி, மருத்துவரிடம் ஒரு மாதிரி, விளையாட்டில் ஒரு மாதிரி எழுதிவிட்டால், வயதுச் சான்று கேட்கும் நாளில் இவை எல்லாம் ஒரே பிள்ளைதான் என்று நிரூபிக்க நேரிடும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே எடுங்கள். குடும்பப் பெயர் கட்டம் வெற்றாக இருந்தால் அப்பா பெயரை முழுமையாக எழுதுங்கள். ஒற்றை முன்னெழுத்தை அங்கே போடாதீர்கள். எதை எழுதினாலும் ஆண்டுதோறும் அதையே எழுதுங்கள். கூப்பிடும் பெயரைப் பயிற்சியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். நீளமான பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவர்களே ஆர்வமாகக் கேட்பார்கள்.

பெயரின் ஐரிஷ் வடிவம் கேட்கும் இடம் வந்தால் பதற வேண்டாம். நடுவரிடம் கொடுக்கும் அணிப் பட்டியலில் ஐரிஷ் மொழிப் பெயர்களை எழுதும் மரபு இருக்கிறது. நம் பெயர்களுக்கு அப்படி ஒரு வடிவம் இல்லை. உள்ளபடியே எழுதினால் போதும்.

பணம் கட்டியவுடன் மின்னஞ்சல் வரும். வேலை முடிந்தது என்று அத்தோடு விட்டுவிடாதீர்கள். கிளப் பதிவாளர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பிள்ளை முறையாகப் பதிவான உறுப்பினர். ஒரு வாரம் கழித்து உள்ளே போய் நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் பதிவாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

காலக்கெடு மார்ச் 31. பதிவு பொதுவாக ஆண்டுத் தொடக்கத்திலேயே திறந்துவிடும். ஜனவரியிலேயே முடித்துவிடுவது நல்லது. பதிவாகாத பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டால் சங்கத்தின் காய உதவி நிதி கிடைக்காது. பதிவாகாத பிள்ளை போட்டியில் ஆடினால் வென்ற ஆட்டத்தையே அணி இழக்க நேரிடலாம். ஒரு வீட்டின் தாமதத்தால் மற்றப் பிள்ளைகளின் உழைப்பு வீணாவது எவ்வளவு வேதனை என்று எண்ணிப் பாருங்கள்.

4. எவ்வளவு செலவாகும்

கட்டணம் கிளப்புக்குக் கிளப் மாறும். சிறுவர் உறுப்பினர் கட்டணம் சுமார் 60 முதல் 150 யூரோ வரை இருக்கலாம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் குடும்பக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு. பெற்றோரில் ஒருவர் ஆடாத உறுப்பினராகச் சேர வேண்டும் என்று சில கிளப்புகள் நிபந்தனை வைக்கின்றன.

அதற்கு மேல் காலணி, பல்லைக் காக்க வாயில் மாட்டும் மவுத் கார்டு, கையுறை, கிளப் காலுறை, அரைக்கால்சட்டை ஆகியவை. போட்டி ஜெர்சியைக் கிளப்பே கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். கிளப் சின்னம் பொறித்த பயிற்சி உடைகளை எல்லாப் பிள்ளைகளும் அணிந்திருப்பார்கள். முதல் ஆண்டில் அவை அவசியமே இல்லை. காலணியைப் பழையதாகவே வாங்குங்கள். வளரும் பிள்ளைக்கு ஒரு சீசனுக்கு மேல் அது தாங்காது, பல கிளப்புகளில் சிறிதாகிப் போன காலணிகளைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கிளப் லாட்டோ என்ற குலுக்கல் சீட்டு, நிதி திரட்டும் நடை என்று அவ்வப்போது சில யூரோ கேட்பார்கள். அது விருப்பம்தான், கட்டாயம் அல்ல.

கட்டணம் இப்போது சுமையாக இருந்தால், தலைவரிடமோ பதிவாளரிடமோ தனியாகச் சொல்லுங்கள். தவணையாகக் கட்ட வழி செய்வார்கள்; தேவையென்றால் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்யும் கிளப்புகளும் இருக்கின்றன. வெட்கப்பட்டுப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள்.

கோடையில் கூல் கேம்ப் என்ற ஒரு வார முகாம் 6 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாடெங்கும் நடக்கிறது. அதன் கட்டணத்திலேயே ஓர் உடைத் தொகுப்பும் வந்துவிடும். ஆட்டமே தெரியாத பிள்ளையைத் தொடங்கி வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் முகாமுக்குப் பதிவு செய்தால் கிளப் உறுப்பினர் ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டும் வேறு.

5. மவுத் கார்டு

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். 2013 முதல் சிறுவர் ஆட்டங்களில் மவுத் கார்டு கட்டாயம். அடுத்த ஆண்டு முதல் பெரியவர்களுக்கும். போட்டிக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கும். ஆட்டம் தொடங்கும் முன் பிள்ளைகள் வரிசையாக நின்று பல்லைக் காட்ட, நடுவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போவார். இல்லாமல் ஆடினால் முதலில் எச்சரிக்கை, திரும்பவும் அப்படியே ஆடினால் வெளியேற்றம்.

வெந்நீரில் போட்டு, பல்லில் கடித்து வடிவம் பிடிக்கும் வகை கடைகளில் சில யூரோவுக்கே கிடைக்கிறது. அதைப் போட்டி நாள் காலையில் செய்யாதீர்கள். முந்தைய வாரமே பிள்ளையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பேச வருகிறதா, மூச்சு விட வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வாங்கி ஒன்றைக் காரிலேயே வைத்துவிடுங்கள். பல் கம்பி போட்ட பிள்ளைக்கு அதற்கென்று தனி வகை இருக்கிறது. பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

தோடு, மூக்குத்தி, காப்பு, மோதிரம் எதையும் நடுவர் அனுமதிக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது காதுகுத்து வைக்கும் எண்ணம் இருந்தால் சீசன் முடிந்த பிறகு வையுங்கள். புதிதாகக் குத்திய காதில் தோட்டைக் கழற்றவும் முடியாது, கழற்றாமல் ஆடவும் முடியாது; அதற்கு நடுவில் போட்டி வந்துவிடும்.

6. பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆட்டம்

கோல் கம்பு ஹெச் எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி, பச்சைக் கொடி. மேலே இரண்டு தூண்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி, வெள்ளைக் கொடி. பலகையில் 2-11 என்று இருந்தால் 2 கோல், 11 புள்ளி, மொத்தம் 17. 1-13 எடுத்த அணியின் மொத்தம் 16, எனவே அது தோற்றது. 2025இல் பெரிய மாற்றங்கள் வந்தன. கோலிலிருந்து 40 மீட்டரில் வரைந்த வளைவுக்கு வெளியே நின்று உதைத்த பந்து கம்பிக்கு மேலே போனால் 2 புள்ளி, ஆரஞ்சு நிறக் கொடி. பிள்ளையின் பிரிவில் எந்தெந்தப் புதிய விதிகள் நடைமுறையில் இருக்கின்றன என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் தட்ட வேண்டும் அல்லது கால் நுனியால் தட்டிக் கைக்கே கொண்டுவர வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டக் கூடாது. தரையில் கிடக்கும் பந்தை ஆண்கள் ஆட்டத்தில் நேரே கையால் எடுக்கக் கூடாது, காலால் நெம்பி எடுக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் கையாலேயே எடுக்கலாம். வீட்டுப் பின்புறத்தில் அந்தக் கால்நுனித் தட்டலை மட்டும் தினமும் சிறிது நேரம் பழகச் சொல்லுங்கள். புதிதாக வந்த பிள்ளை மற்றவர்களை எட்டிப் பிடிக்க அதுதான் குறுக்கு வழி.

7. சீசன் எப்படிப் போகிறது, ஊருக்கு எப்போது போவது

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் பயிற்சி தொடங்கும். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மாறிய பிறகு மாலையில் வெளிச்சம் நீளும். வார நாள் பயிற்சியும் ஆட்டங்களும் அப்போதுதான் சூடு பிடிக்கும். முதலில் வருவது லீக். எல்லா அணிகளும் வாரம் ஒன்றாக ஆடுவார்கள். ஃபெய்லா என்ற ஒரு நாள் திருவிழாப் போட்டியும் நடுவில் வரும். பிறகு சாம்பியன்ஷிப். அதில் அணிகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்திலும் சிறு குழுக்களாக ஆடவைத்து, முதலிடம் பெறுபவர்களை அரையிறுதிக்கு எடுப்பார்கள். லீக்கில் அணி எப்படி ஆடியது என்பதை வைத்துத் தரம் பிரிக்கும் கவுண்டிகள் உண்டு. அதனால் லீக்கை வெறும் பயிற்சி ஆட்டம் என்று விட்டுவிடக் கூடாது.

இந்தக் கால அட்டவணையை முடிவு செய்வது ஒவ்வொரு கவுண்டியின் இளையோர் குழு. கார்க் கவுண்டியில் அது ரெபல் ஓக் என்ற பெயரில் இயங்குகிறது. மற்ற இடங்களில் கோஷ்டே நா நோக் அல்லது போர்ட் நா நோக் என்று கேள்விப்படுவீர்கள். சில கவுண்டிகளில் ஒரு பிரிவின் சாம்பியன்ஷிப் கோடைக்கு முன்பே முடிந்துவிடும், வேறு பிரிவு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை போகும். ஜூன் முதல் திங்கள் பொது விடுமுறைக்குப் பின் வரும் புதன்கிழமை இடைநிலைப் பள்ளியின் அரசுத் தேர்வுகளான ஜூனியர் சைக்கிள், லீவிங் சர்ட் தொடங்குகின்றன. அதனால் அண்டர்-16, அண்டர்-18 பிரிவுகளுக்கு அதையொட்டி இடைவெளி விடுவது வழக்கம்.

நமக்குச் சிக்கல் வருவது இங்கேதான். தொடக்கப் பள்ளிக்கு ஜூலையும் ஆகஸ்டும் விடுமுறை, இடைநிலைப் பள்ளிக்கு ஜூனும் சேர்த்து. நாம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று ஊருக்குப் போகிறோம். டிக்கெட் விலை ஏறுமுன் போட்டுவிட வேண்டும் என்று ஜனவரியிலேயே வாங்கிவிடுகிறோம். குழு ஆட்டங்கள் அந்த வாரங்களில் வந்து நின்றால் ஒன்றும் செய்ய முடியாது.

எனவே டிக்கெட் வாங்கும் முன் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் பிரிவின் சாம்பியன்ஷிப் முதல் சுற்று எந்த வாரம், இறுதி ஆட்டம் எந்த வாரம்?" சரியான தேதி அவருக்கும் தெரியாமல் இருக்கலாம், மாதத்தையாவது சொல்வார். ஜூலை நடுவில் பல இடங்களில் ஆட்டங்கள் குறைந்திருக்கும். முடிந்தால் அந்த வாரங்களைச் சுற்றி பயணத்தை அமையுங்கள். தேதி முடிவானதும் உடனே அவரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பல பிள்ளைகள் ஒரே வாரத்தில் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால், எதிரணியோடு பேசி ஆட்டத்தைத் தள்ளிவைக்க அவர் முயலலாம். போட்டிக்கு முந்தைய நாள் சொன்னால் ஆள் போதாமல் ஆட்டத்தையே விட்டுக்கொடுக்க நேரும்.

தாத்தா பாட்டியின் எண்பதாம் கல்யாணம் போன்ற தவிர்க்க முடியாத நிகழ்ச்சி என்றால் தயங்காமல் போய் வாருங்கள். முன்பே சொல்லியிருந்தால் யாரும் குறை நினைப்பதில்லை.

ஞாயிறு காலையில் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆட்டம் அதே நேரத்தில் வரும். வகுப்பு ஆசிரியரிடம் சீசன் தொடக்கத்திலேயே பேசி, மாதம் எத்தனை முறை விடுபடும் என்று ஒப்புக்கொண்டுவிடுங்கள். இரண்டையும் தொடர முடியும். தமிழ் வகுப்பைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

8. போட்டி நாள்

தகவல்கள் எல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். பிள்ளைகள் பாதுகாப்பு விதிப்படி பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. அதனால் நீங்கள் பார்க்காவிட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. வருவோம், வரமாட்டோம் என்று கேட்கும் வாக்கெடுப்புக்கு அன்றே பதில் போடுங்கள்.

கிளப்பின் பெயரும் மைதானத்தின் பெயரும் வேறாக இருக்கும். ஒரே கிளப்புக்கு இரண்டு மூன்று மைதானங்கள் இருக்கும். பொதுப் பூங்காவில் ஆட்டம் என்றால் மைதான எண் வேறு. கூகுள் மேப்பில் கிளப் பெயரைத் தட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். குழுவில் எயர்கோட்டையோ இருப்பிடக் குறியையோ கேட்டு வாங்குங்கள். ஆட்டம் 11 மணிக்கு என்றால் பத்தேகாலுக்கே வந்துவிடச் சொல்வார்கள்.

கார் இல்லை என்றால் சொல்லுங்கள், யாராவது ஏற்றிக்கொள்வார்கள். பிள்ளை 150 செ.மீ. உயரமோ 36 கிலோ எடையோ எட்டும் வரை சட்டப்படி பொருத்தமான கார் இருக்கை வேண்டும். உயர்த்தும் இருக்கையைப் பையோடு கொடுத்தனுப்புங்கள்.

பெற்றோர் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். நடுவரைப் பார்த்துக் கத்துவது, எதிரணிப் பிள்ளையை ஏதேனும் சொல்வது இரண்டும் கிளப்பின் தலையில் வந்து விழும். உங்கள் பிள்ளைக்கு மட்டும் தமிழில் அறிவுரை சொல்லிக்கொண்டே இருப்பதையும் தவிர்த்துவிடுங்கள். பயிற்சியாளர் ஒன்று சொல்ல, அப்பா இன்னொன்று சொல்ல, நடுவில் பந்து போய்விடும்.

நிறத்தை வைத்தோ ஊரை வைத்தோ உங்கள் பிள்ளையை யாராவது ஏதேனும் சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கிளப்பிலும் பிள்ளைகள் நல அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்: யார், எப்போது, என்ன சொன்னார், யார் கேட்டார்கள். நடுவரிடமும் பயிற்சியாளர் வழியே சொல்லுங்கள். இது நடுவர் நடவடிக்கை எடுக்க வேண்டிய குற்றம்.

9. காயம் பட்டால்

சங்கத்தின் காய உதவி நிதியை மருத்துவக் காப்பீடு என்று எண்ணிவிடாதீர்கள். வேறு எங்கிருந்தும் திரும்பப் பெற முடியாத செலவைத்தான், அதுவும் ஒரு வரம்பு வரை, அது கொடுக்கும். உங்களிடம் மருத்துவக் காப்பீடு இருந்தால் முதலில் அங்கேதான் கேட்க வேண்டும். எல்லா ரசீதையும் வையுங்கள், காயம் பட்ட அன்றே கிளப் செயலாளரிடம் தெரிவியுங்கள். மவுத் கார்டு போடாமல் பல் உடைந்திருந்தால் நிதியிலிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கை வீங்கியிருக்கிறது, எலும்பா தசையா என்று தெரியவில்லை என்றால், மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேரே போனால் 100 யூரோ கட்டணம். குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் அந்தக் கட்டணம் இல்லை. அரசு தரும் இலவச மருத்துவ அட்டையான மெடிக்கல் கார்டு இருந்தாலும் கட்டணம் இல்லை. சிறு காயங்களை மட்டும் பார்க்கும் காயப் பிரிவுகளில் (injury units) கடிதமில்லாமல் 75 யூரோ. கை கால் காயத்துக்கு அங்கே காத்திருப்பும் பொதுவாகக் குறைவு. உங்களுக்கு அருகில் எந்தக் காயப் பிரிவு இருக்கிறது, எத்தனை வயதிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், ஞாயிறன்று எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பள்ளி வழியாகக் கிடைக்கும் 24 மணி நேர விபத்துக் காப்பீடு ஆண்டுக்குச் சில யூரோதான். அந்தப் படிவம் செப்டம்பரில் புத்தகப் பையில் வரும், கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

தலையில் அடிபட்டால் வேறு பேச்சே கிடையாது. சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். இறுதி ஆட்டமாக இருந்தாலும், பிள்ளை அழுதாலும். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்ப ஆட வேண்டும்.

10. நீங்களும் கைகொடுக்க விரும்பினால்

எல்லாக் கிளப்புகளும் தன்னார்வலர்களால்தான் ஓடுகின்றன. ஆட்டம் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். கூம்பு அடுக்கவும் தண்ணீர் கொடுக்கவும் ஆள் தேவை. பிள்ளைகளோடு முறையாக வேலை செய்ய மூன்று வேண்டும்: கார்டா எனப்படும் காவல்துறையின் பின்னணிச் சரிபார்ப்பு, பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி, அடிப்படைப் பயிற்சியாளர் வகுப்பு. வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளில் கார்டாவுக்குப் பதில் ஆக்செஸ் என்ஐ என்ற அமைப்பு சரிபார்க்கும்.

கார்டா சரிபார்ப்புப் படிவம் நீங்கள் பிறந்ததிலிருந்து இன்று வரை வாழ்ந்த எல்லா முகவரிகளையும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று இடைவெளியில்லாமல் கேட்கும். பிறந்த ஊர், கல்லூரி விடுதி, சென்னையில் இருந்த மேன்ஷன், வளைகுடாவில் வேலை பார்த்த இடம் எல்லாம் வரும். இதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படிவத்தைத் திறங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பு 30 நாள்தான் செல்லும். மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியர்கள், எனக்கு ஏற்கனவே சரிபார்த்துவிட்டார்களே என்பார்கள். அது அந்த நிறுவனத்துக்கு மட்டும். கிளப்புக்குத் தனியாகச் செய்ய வேண்டும்.

11. சீசன் முடிந்ததும்

ஜெர்சி வீட்டில் தங்கியிருந்தால் துவைத்துத் திருப்பிக் கொடுங்கள். வீடு மாறும் திட்டம் இருந்தால் மாற்ற விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள். இறுதி ஆட்டத்தில் பிள்ளை சிவப்பு அட்டை வாங்கியிருந்தால் அந்தத் தடை அடுத்த ஆண்டுக்கும் தொடருமா என்று செயலாளரிடம் கேளுங்கள். பிறகு அடுத்த ஆண்டின் எண்ணை எழுதி, மேலே சொன்ன கழித்தலை மறுபடி போடுங்கள். பல பிள்ளைகளுக்குப் பிரிவு மாறும். பயிற்சியாளரும் மாறுவார், வாட்ஸ்அப் குழுவும் மாறும், சில நேரம் பந்தின் அளவும் மாறும். பழைய குழுவிலேயே இருந்துகொண்டு ஏன் தகவல் வரவில்லை என்று மார்ச் வரை காத்திருக்காமல், ஜனவரி முதல் வாரத்திலேயே புதிய பிரிவின் பொறுப்பாளர் யார் என்று கேட்டுச் சேர்ந்துவிடுங்கள்.